மெதுவான ரைபீரியர், இரட்டையர் ஆட்டம்: ட்ரிக் ரூமின் நான்கு டேர்னை எப்படிச் செலவழிப்பது?

ரைபீரியர்_திருமலை
செவ்வாய், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். திருமலையில் ஓர்ஸ் ஹில் பக்கம் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். நாங்கள் ஆடுவது போகிமான். பெரும்பாலும் போனில் ஷோடவுன் என்ற சிமுலேட்டரில்தான். சுவிட்ச் வைத்திருப்பவர்கள் ஓரிருவர். விதி ஸ்கார்லெட் வயலெட் கேமின் போட்டி விதித்தொகுப்பான ரெகுலேஷன் எச். லெஜண்டரி, பாரடாக்ஸ் எனும் சிறப்புப் போகிமான்கள் இரண்டும் கிடையாது. ஆறைக் கொண்டுபோய் நாலைத் தெரிவு செய்ய வேண்டும், எல்லாம் லெவல் 50, மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்ல வேண்டும். டீம் தாள் (யார், என்ன மூவ் என்ற பட்டியல்) இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும்.

எனக்கு ரைபீரியரை விட மனமில்லை. அட்டாக் 140, டிஃபென்ஸ் 130, எச்பி 115. வேகம் மட்டும் 40. அதனால் ஹாட்டரீனுடன் முதல் டேர்னிலேயே இறக்கி, மெதுவானவர்களை முதலில் அடிக்க வைக்கும் ட்ரிக் ரூம் போடுகிறேன். எதிரில் இருப்பவர்கள் முந்தி வந்து தயங்க வைக்கும் ஃபேக் அவுட் அடித்து ஹாட்டரீனை நிறுத்துகிறார்கள். நிறுத்தாவிட்டால் அடுத்த டேர்னில் இருவரும் அடியைத் தடுக்கும் ப்ரொடெக்ட். பிறகு ஒருவரை மாற்றுகிறார்கள். நான் வடிவாக ஓர் அடி அடிப்பதற்குள் ரூம் முடிந்துவிடுகிறது.

இப்போதைய செட்: கையில் அசால்ட் வெஸ்ட், திறன் சாலிட் ராக், வேகம் குறைக்கும் பிரேவ் நேச்சர், பயிற்சிப் புள்ளிகள் எச்பி 252, அட்டாக் 252, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 4, வேக ஐவி (பிறவிப் புள்ளி) 0. மூவ்கள் எர்த்குவேக், ராக் ஸ்லைட், மெகாஹார்ன், ஐஸ் பஞ்ச். டெரா, அதாவது ஆட்டத்தின் நடுவே ஒருமுறை மாறும் வகை, இன்னும் முடிவில்லை.

எதை மாற்றலாம்? "ரைபீரியரையே மாற்று" என்பது பதில் அல்ல, முன்பே சொல்லிவிடுகிறேன்.

கிண்ணியா_புயல்
செவ்வாய், இரவு 9:31

ரைபீரியரையே மாற்று தம்பி.

உர்சலூனாவைப் பார். அட்டாக் அதே 140, எச்பி 130, வேகம் 50. தன்னையே எரிக்கிற ஃபிளேம் ஆர்ப் கையில் கொடு, கட்ஸ் திறன் வந்தால் அட்டாக் ஒன்றரை மடங்கு. ஃபசாட் மூவின் சக்தி சாதாரணமாக 70, எரிகாயம் பட்டதும் 140. அதற்குமேல் அதன் சொந்த வகை என்பதால் இன்னொரு ஒன்றரை. தாங்க ஆள் குறைவு. நாலு மடங்கு பலவீனம் என்று ஒன்றும் கிடையாது. உன் ஆளுக்குத் தண்ணீர் நாலு மடங்கு, புல் நாலு மடங்கு. சுற்றிவரக் கடல் இருக்கிற ஊரில் இதைத்தானா பிடித்தாய்?

ரைபீரியர்_திருமலை
செவ்வாய், இரவு 9:35

நானா, நீங்கள் மழை வரவழைக்கிற தண்ணீர்ப் பறவை பெலிப்பர் வைத்திருப்பதால் இப்படிச் சொல்கிறீர்கள்.

குளக்கோட்டன்99
செவ்வாய், இரவு 9:50

உர்சலூனா பலசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபசாட் ஒரே ஆளைத்தான் அடிக்கும். ரைபீரியர் ராக் ஸ்லைடில் இருவரையும் அடிக்கும். அது பலருக்கு விளங்காத இடம். ராக் ஸ்லைட் 75 சக்தி, இருவரை அடித்தால் முக்கால்வாசியாகக் குறையும், அதாவது 56 சொச்சம். கேட்கச் சிறிய எண். ஆனால் 30 வீதம் எதிரியைத் தயங்க வைக்கும். 90 வீதத் துல்லியத்தையும் சேர்த்துப் பெருக்கினால் ஒரு எதிரிக்கு 27 வீதம். இருவரில் ஒருவராவது தயங்க 47 வீதம் கிட்ட வரும்.

எதிரி ஏற்கெனவே தன் மூவைச் செய்துவிட்டால் இந்தத் தயக்கம் சும்மா. ட்ரிக் ரூமில்தான் ரைபீரியர் முதலில் அடிக்கும், அங்கேதான் இந்த 47 வீதம் காசாகும். வேகமில்லாத ஒன்றுக்கு ராக் ஸ்லைட் கொடுப்பதே ரூமுக்காகத்தான்.

வெந்நீரூற்று
செவ்வாய், இரவு 10:24

தம்பி, உன் செட்டில் குறை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். உன்னைத் தோற்கடிப்பது செட் இல்லை, டேர்ன் கணக்கு.

ட்ரிக் ரூம் ஐந்து டேர்ன் என்று எல்லாரும் சொல்வார்கள். போட்ட டேர்னும் அதில் சேரும். மூவின் முன்னுரிமை மைனஸ் 7, அதாவது அந்த டேர்னில் எல்லாரும் அடித்து முடித்த பிறகுதான் ரூம் வரும். ஆகவே உன் கைக்கு வருவது நான்கு டேர்ன்தான். அதில் எதிரி இருவரும் ஒரு டேர்ன் ப்ரொடெக்ட் போட்டால் மூன்று. ஒரு நல்ல மாற்றலில் இன்னும் ஒன்று அரைகுறையாகப் போகும். உன் ரைபீரியர் ரூம் போட்ட பிறகு வெளியிலிருந்து நடந்து வந்தால் அதற்கும் ஒன்று செலவு. மிச்சம் என்ன? ஒன்றோ இரண்டோ அடி.

எனவே கேள்வி "எப்படி ரூம் போடுவது" அல்ல. "ரூம் விழுகிற நொடியில் ரைபீரியர் முழு எச்பியோடு களத்தில் நிற்கிறதா" என்பதுதான். நீ முதல் டேர்னிலேயே அதை நிறுத்துகிறாய், சரி. ஆனால் அந்த டேர்னில் எதிரி இருவரும் அதன்மேல் விழ ஒரு முழு வாய்ப்பு இருக்கிறது. ரூம் வரும்போது அது பாதி உயிரோடு நிற்கும், அல்லது நிற்காது.

நான் செய்வது இது. முதல் ஜோடி ஃபரிகிராஃப், இன்சினரோர். இன்சினரோரை வேண்டுமென்றே மெதுவாக வளர்த்திருப்பேன். 0 ஐவி, வேகம் குறைக்கும் நேச்சர், லெவல் 50 இல் 58. முதல் டேர்னில் ஃபரிகிராஃப் ட்ரிக் ரூம், இன்சினரோர் பார்ட்டிங் ஷாட். எதிரி இருவரும் அடித்து முடிப்பார்கள். அதன் பிறகு இன்சினரோர் ஒருவரின் அட்டாக்கையும் ஸ்பெஷல் அட்டாக்கையும் ஒரு படி இறக்கிவிட்டு வெளியே போகும். அந்த இடத்துக்கு ரைபீரியர் ஒரு கீறலும் இல்லாமல் வரும். கடைசியாக ரூம் விழும். நான்கு டேர்னும் முழுசாக உனக்கு.

இன்சினரோர் வேகமாக இருந்தால் இது பாழ். முதலே வெளியே போய்விடும், வந்த ரைபீரியர் அடி முழுவதையும் வாங்கும்.

ஏன் ஃபரிகிராஃப்? ஆர்மர் டெயில் என்ற திறன். அது களத்தில் நிற்கும்வரை எதிரி முன்னுரிமை மூவ் எதையும் அதன்மேலோ பக்கத்தில் நிற்பவர்மேலோ போட முடியாது. ஃபேக் அவுட் போச்சு. ப்ராங்ஸ்டர் திறனால் முந்தி வரும் டான்ட்டும் (ரூம் போன்ற அடிக்காத மூவ்களைத் தடுப்பது) போச்சு. வேகமான ஒன்று சாதாரணமாகப் போடுகிற டான்ட் மட்டும் விழும். அதற்கு டான்ட்டைக் கழற்றும் மெண்டல் ஹெர்ப் கையில் கொடு. ஹாட்டரீனின் மேஜிக் பவுன்ஸ் டான்ட்டைத் திருப்பி அடிக்கும், ஆனால் ஃபேக் அவுட்டை ஒன்றும் செய்யாது. உனக்கு நடப்பது அதுதான்.

மூதூர்_மீன்
புதன், காலை 7:48

புதிய ஆள், மன்னிக்கவும். ரைபீரியர் ஏற்கெனவே மெதுவானதுதானே, அதை ஏன் இன்னும் மெதுவாக்க வேண்டும்? ஐவி 0 என்றால் இழப்பு இல்லையா?

குளக்கோட்டன்99
புதன், காலை 8:15

ரூமுக்குள் மெதுவானவர்களுக்குள்ளேயே ஒரு ஓட்டம் இருக்கிறது. லெவல் 50 இல், ஐவி 0, வேகம் குறைக்கும் நேச்சரோடு கணக்குப் போட்டால் டோர்கோல் 22, ஹாட்டரீன் 30, அமூங்கஸ் 31, ரைபீரியர் 40, உர்சலூனா 49. இதே ரைபீரியரை ஐவி 31, சாதாரண நேச்சரோடு விட்டால் 60. அப்போது ரூமுக்குள் எதிரியின் உர்சலூனா உனக்கு முதல் அடிக்கும். பத்து இருபது புள்ளி என்று விடுகிற விஷயம் இல்லை.

ஷோடவுனில் ஐவியை அப்படியே எழுதிவிடலாம். சுவிட்சில் என்றால் அதற்காகப் பெரும்பாலும் முட்டை பொரிக்க வைக்க வேண்டிவரும். ஹைப்பர் ட்ரெயினிங் ஏற்றத்தான் செய்யும், இறக்காது. நேச்சருக்கு மட்டும் பிரேவ் மின்ட் இருக்கிறது.

கிண்ணியா_புயல்
புதன், காலை 8:40

அந்தப் பட்டியலில் அமூங்கஸ் 31 என்பதைப் பார்த்தீர்களா? ரூமை நீ போடுவாய், முதலில் அசைவது என் அமூங்கஸ். ஸ்போர் போட்டு உன் மலையைத் தூங்க வைத்துவிட்டு நான் தேநீர் குடிப்பேன். நூறு வீதம் படும்.

ரைபீரியர்_திருமலை
புதன், மதியம் 1:05

இன்டர்வெலில் எழுதுகிறேன். வெந்நீரூற்று அக்கா, ஃபரிகிராஃப் யோசனை நன்றாக விளங்கியது, இன்றைக்கே போட்டுப் பார்க்கிறேன். ஆனால் நானா சொல்கிற அமூங்கஸுக்கு என்ன செய்வது? அயர்ன் பால் கொடுத்தால் வேகம் பாதியாகி 20 ஆகும், அமூங்கஸுக்கு மட்டுமில்லை டோர்கோலுக்கும் முதலே அடிக்கும். சரியா?

குளக்கோட்டன்99
புதன், மதியம் 1:30

கணக்கு சரி, யோசனை சரியில்லை. ஒரே ஒரு பொருள்தான் பிடிக்க முடியும். அதை வேகத்துக்குக் கொடுத்துவிட்டால் சாதாரண ஸ்பெஷல் அடிக்கே சுருண்டுவிடும். ஸ்பெஷல் டிஃபென்ஸ் 55 என்பதை மறக்காதே. வெஸ்ட் போட்டால்தான் 76 என்பது 114 ஆகிறது.

வெந்நீரூற்று
புதன், மாலை 6:20

அயர்ன் பால் வேண்டாம். ஹாமர் ஆர்ம் போடு.

அது 100 சக்தி, 90 துல்லியம், அடித்ததும் தன் வேகத்தை ஒரு படி இறக்கும். வெளியில் அது குறை, ரூமுக்குள் அதுவே கூலி. 40 இல் மூன்றில் இரண்டு பங்கு 26. அமூங்கஸ் 31, ஹாட்டரீன் 30, இரண்டையும் கீழே தள்ளிவிடுவாய். டோர்கோல் மட்டும் இன்னும் முந்தும். அடிக்கிற ஆட்களையும் பார்: கிங்காம்பிட்டுக்கு நாலு மடங்கு, இன்சினரோருக்கும் ஆர்ச்சலுடனுக்கும் இரண்டு மடங்கு. மெகாஹார்ன் எதற்கு வைத்திருக்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. அதை எடுத்துவிட்டு இதைப் போடு.

எதிரி ஐசி விண்ட் அடித்து உன் வேகத்தைக் குறைத்தாலும் ரூமுக்குள் அவன் உனக்கு உதவி செய்கிறான். டெயில் விண்ட் போட்டுத் தன் பக்க வேகத்தை ஏற்றியவனுக்கும் அதே கதி, அவன் ஆட்கள் இன்னும் பின்னுக்குப் போவார்கள். இதை நம்பி ஆடக்கூடாது. ஆனால் நடக்கும்போது அடையாளம் காணத் தெரிய வேண்டும்.

ஸ்போருக்கு முதல் அடியில் ஹாமர் ஆர்ம் உதவாது, இரண்டாவதிலிருந்துதான். அதற்கு டெரா இருக்கிறது. புல் டெரா. புல் வகைக்குப் பொடி மூவ் எதுவும் படாது, ஸ்போரும் ரேஜ் பவுடரும் உன்னைத் தொடாது. தண்ணீர் பாதி, புல் பாதி, மின்சாரம் பாதி. ரைபீரியர் அஞ்சுகிற இரண்டும் ஒரே பொத்தானில் தீர்ந்தது. கல், மண் இரண்டின் ஒன்றரை மடங்கும் டெராவுக்குப் பிறகும் உனக்கே.

கிண்ணியா_புயல்
புதன், மாலை 6:44

புல் டெரா போட்டால் என் இன்சினரோர் ஃபிளேர் பிளிட்ஸ் அடிக்கும். பிறகு?

வெந்நீரூற்று
புதன், மாலை 6:52

அடிக்கட்டும். டெரா போட்டாலும் சாலிட் ராக் போகாது, பலவீனத்தில் வரும் அடி கால்வாசி குறையும். நாலு மடங்கும் சாலிட் ராக்கில் மூன்று மடங்குதான். அத்தோடு உங்கள் இன்சினரோர் ரூமுக்குள் ரைபீரியருக்குப் பிறகுதான் அசையும், அதற்குள் ஒரு ஹை ஹார்ஸ்பவர் வாங்கியிருக்கும்.

டிராகன் டெரா என்றும் சிலர் சொல்வார்கள். தண்ணீர், புல், மின்சாரம், நெருப்பு நாலையும் தாங்கும். நல்லதுதான். ஆனால் தூங்கிவிட்டால் என்ன தாங்கி என்ன? திருமலையில் பாதிப் பேர் அமூங்கஸ் வைத்திருக்கிறீர்கள்.

ரைபீரியர்_திருமலை
புதன், இரவு 8:10

ஹை ஹார்ஸ்பவரா? எர்த்குவேக் இருக்கிறதே. அது இருவரையும் அடிக்குமே.

குளக்கோட்டன்99
புதன், இரவு 8:33

மூவரை அடிக்கும். உன் ஃபரிகிராஃபையும் சேர்த்து எண்ணு.

பக்கத்தில் பறக்கிற ஆள் இல்லாமல் எர்த்குவேக் வைப்பது தன் கூட்டாளியைத் தானே கழுத்தறுப்பது. அதைவிடப் பெரிய காரணம் கிராசி டெரெய்ன் என்ற புல்தரையை விரிக்கிற ரில்லபூம். களத்தில் கிராசி டெரெய்ன் விரிந்திருந்தால் தரையில் நிற்பவர்மேல் எர்த்குவேக் பாதியாகும். ஹை ஹார்ஸ்பவர் பாதியாகாது. 95 சக்தி, 95 துல்லியம், ஒரே ஆள். பலரை அடிக்கும் மூவ்களைத் தடுக்கிற வைட் கார்ட் போட்டாலும் ஹை ஹார்ஸ்பவர் உள்ளே போகும். ராக் ஸ்லைடும் எர்த்குவேக்கும் வாசலிலேயே நிற்கும். பெலிப்பர் வைட் கார்ட் கற்கும் என்பதைக் கிண்ணியா ஆள் உனக்குச் சொல்லவில்லையே?

கிண்ணியா_புயல்
புதன், இரவு 8:36

கேட்கவில்லை, சொல்லவில்லை.

மூதூர்_மீன்
புதன், இரவு 9:02

ரில்லபூமின் கிராசி கிளைட் முன்னுரிமை மூவ்தானே? ரூம் இருந்தாலும் அது முதலில் வரும் இல்லையா? நாலு மடங்கு பலவீனத்தில் அது பட்டால்?

வெந்நீரூற்று
புதன், இரவு 9:40

நல்ல கேள்வி. ஓம், ரூம் வேக வரிசையைத்தான் புரட்டும், முன்னுரிமையைத் தொடாது.

பொருள் இல்லாத ரில்லபூம், அட்டாக் 252, அடமன்ட் நேச்சர், கிராசி டெரெய்னில் கிளைட் அடித்தால், எச்பி 222 உள்ள இந்த ரைபீரியருக்கு சாலிட் ராக்கோடு ஏறத்தாழ 156 முதல் 189 வரை போகும். அதாவது 70 முதல் 85 வீதம். வலிக்கும், சாகாது. சாலிட் ராக் இல்லாவிட்டால் 208 முதல் 252 வரை. பெரும்பாலும் முடிந்த கதை. இன்னொன்றும் இருக்கிறது: ஃபரிகிராஃப் பக்கத்தில் நிற்கும்வரை கிளைடே போட முடியாது. ஆகவே எதிரி முதலில் ஃபரிகிராஃபைத்தான் தேடுவான். அதை எச்பியிலும் டிஃபென்ஸிலும் முழுசாக வளர்த்து வை, அடிப்பதற்கு அல்ல.

நிலாவெளி_நிலா
புதன், இரவு 10:15

இவ்வளவு சிரமப்பட்டு ஒரு ரைபீரியரா? 2014 இல் வாஷிங்டனில் சேஜூன் பார்க் பச்சிரிசு என்ற சின்ன அணிலை வைத்து உலகப் போட்டியையே வென்றாரே. பிடித்ததைக் கொண்டு போ தம்பி, மனசு இருந்தால் போதும்.

குளக்கோட்டன்99
புதன், இரவு 10:29

பச்சிரிசு கதையை மனசுக் கதையாகச் சொல்வதுதான் எனக்கு எரிச்சல். அவர் ஆசைக்காக அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஃபாலோ மீ போட்டுத் தன்மேல் அடியை இழுக்கவும், வோல்ட் அப்சார்பால் மின்சாரத்தை விழுங்கவும், நசிலில் எதிரியை முடக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. பக்கத்தில் நின்ற கயராடோஸுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. வேலை முதல், அணில் பிறகு. ரைபீரியருக்கும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: உன் டீமில் வேறு யாரும் செய்யாத எதை இது செய்கிறது? இருவரையும் அடித்துத் தயங்க வைப்பது என்று பதில் இருந்தால் வை. இல்லையென்றால் நானா சொன்னதைக் கேள்.

ஒழுங்கு (மட்டுறுத்துனர்)
வியாழன், காலை 6:30

இரவு அழித்த பதிவுகள் பற்றி: மின்சாரம் போய் ஷோடவுன் கடிகாரம் ஓடித் தோற்றவர்களுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே புலம்பவும். இங்கே ரைபீரியர் மட்டும்.

ரைபீரியர்_திருமலை
சனி, இரவு 9:55

இன்றைய கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். புதிய செட்: ஹை ஹார்ஸ்பவர், ராக் ஸ்லைட், ஹாமர் ஆர்ம், ஐஸ் பஞ்ச், அசால்ட் வெஸ்ட், சாலிட் ராக், புல் டெரா. கூட்டாளிகள் ஃபரிகிராஃப், மெதுவான இன்சினரோர், மற்ற மூன்றும் ரூம் இல்லாமலும் ஆடக்கூடியவை.

முதல் எதிரி ரில்லபூம், இன்சினரோர். அக்கா சொன்னபடியே. தாளில் ஆர்மர் டெயிலைப் பார்த்ததால் அவர் ஃபேக் அவுட்டை நினைக்கவே இல்லை, நேராக இருவரும் ஃபரிகிராஃப்மேல் விழுந்தார்கள். வுட் ஹாமர், பிறகு நாக் ஆஃப். என் இன்சினரோர் வந்தபோதே இருவரின் அட்டாக்கும் இன்டிமிடேட்டால் குறைந்திருந்தது. கால்வாசிக்கும் கீழே தொங்கிக்கொண்டு ஃபரிகிராஃப் நின்றது. அப்புறம் ரில்லபூம்மேல் பார்ட்டிங் ஷாட், ரைபீரியர் உள்ளே, ரூம் மேலே. அடுத்த டேர்ன் ஹை ஹார்ஸ்பவர், அவருடைய இன்சினரோர் விழுந்தது. ஃபரிகிராஃப் நின்றதால் கிளைட் போட வழியில்லை. அங்கிருந்து ராக் ஸ்லைடால் ஓட்டிக்கொண்டு போனேன்.

மூன்றாவது ஆட்டத்தில் அவர் புத்தியைப் பாவித்தார். முதல் டேர்னிலேயே ரில்லபூம் ப்ரொடெக்ட். பார்ட்டிங் ஷாட் ப்ரொடெக்ட்டில் முட்டி நின்றது, இன்சினரோர் வெளியே போகவே இல்லை. ரைபீரியரைக் கையால் மாற்றி உள்ளே எடுக்க ஒரு டேர்ன் போனது. கடைசியில் வென்றது நான்தான், ஆனால் நூலிழையில்.

பிறகு கிண்ணியா நானா. பெலிப்பர், ஆர்ச்சலுடன். மழையில் ஆர்ச்சலுடனின் மின்சார மூவான எலக்ட்ரோ ஷாட் காத்திருக்காமல் உடனே வந்து ஃபரிகிராஃபை ஒரே அடியில் முடித்தது. ரூம் இல்லை. மிச்சத்தை எழுத விருப்பமில்லை.

கிண்ணியா_புயல்
சனி, இரவு 10:08

மிச்சத்தை நான் எழுதட்டுமா?

நன்றாக ஆடினாய் தம்பி. அந்த ராக் ஸ்லைடில் என் பெலிப்பர் தயங்கியபோது பாலம் தாண்டித் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன்.

வெந்நீரூற்று
ஞாயிறு, காலை 9:20

பார்ட்டிங் ஷாட் பற்றி முதலில். அதை யார்மேல் போடுகிறாய் என்பது முக்கியம். ப்ரொடெக்ட் போடக் காரணம் உள்ளவன்மேல் போடாதே; முதல் ஆட்டத்தில் நீ செய்ததைப் பார்த்தவன் அடுத்ததில் ரில்லபூமை ஒளித்துவைப்பான். கோல்டெங்கோமேல் போட்டால் பலிக்காது, குட் ஆஸ் கோல்ட் எல்லா நிலை மூவையும் தட்டிவிடும். அட்டாக் போன்றவை இறங்காமல் காக்கும் கிளியர் ஆமுலெட் பிடித்தவன்மேல் போட்டாலும் நீ வெளியே போக மாட்டாய். கிங்காம்பிட்டுக்கு டிஃபையன்ட் இருந்தால் அட்டாக்கை நீயே ஏற்றிக் கொடுத்தவன் ஆவாய்.

இன்னொன்று. ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் டேர்னிலேயே ரூமைக் காட்டாதே. 304 சீட்டு ஆடுகிறவனுக்குச் சொல்லத் தேவையில்லை, துரும்பைக் கவிழ்த்தே வைத்திருக்கும்வரைதான் எதிராளி தயங்கித் தயங்கிச் சீட்டு இறக்குவான். எதிரி டெயில் விண்ட் போடட்டும், ஃபேக் அவுட்டைச் செலவழிக்கட்டும், டெராவைக் கூட எரித்துவிடட்டும். மூன்றாம் டேர்னில் ரூம் விழுந்தால் அவனிடம் ப்ரொடெக்ட் தவிர ஒன்றும் மிச்சமிருக்காது. ப்ரொடெக்ட் அடுத்தடுத்த டேர்னில் மூன்றில் ஒருமுறைதான் பலிக்கும். அந்த முதல் ப்ரொடெக்ட் டேர்னில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காமல், அடிபட்ட கூட்டாளியை மாற்று. நீ உன் மற்ற மூவரை ரூம் இல்லாமலும் ஆடக்கூடியதாக வைத்திருக்கிறாய், இதற்குத்தான் அது.

மழைக்கு வருகிறேன். அதற்கு விடை உன் ரைபீரியரிடமே இருக்கிறது, வேறு திறனில். லைட்னிங் ராட். ஃபரிகிராஃபோடு முதல் ஜோடியாகவே ரைபீரியரை இறக்கு. எலக்ட்ரோ ஷாட் யார்மேல் போட்டாலும் ரைபீரியருக்கு இழுபடும், அதன்மேல் பலிக்காது. பெலிப்பர் தண்ணீரால் அடிக்க வருவார், அதே டேர்னில் புல் டெரா. ரூம் விழும்.

குளக்கோட்டன்99
ஞாயிறு, காலை 9:41

இங்கே நான் உடன்படவில்லை அக்கா. லைட்னிங் ராட் போட்டால் சாலிட் ராக் போய்விடும். நீங்களே போட்ட கணக்கு, ரில்லபூமின் கிளைட் 208 முதல் 252. ஃபரிகிராஃப் விழுந்த அடுத்த நொடி ரைபீரியரும் விழும். அத்தோடு மழைக்கு எதிராக டெராவை முதல் டேர்னிலேயே செலவழிக்கச் சொல்கிறீர்கள். ஆர்ச்சலுடன் எலக்ட்ரோ ஷாட்டை வீணாக்கினாலும் ஸ்பெஷல் அட்டாக் ஒரு படி ஏறித்தான் நிற்கும். அடுத்த டேர்னில் அந்த ஏற்றத்தோடு வேறொன்றை அடிக்கும்.

வெந்நீரூற்று
ஞாயிறு, காலை 10:02

அடுத்த டேர்னில் அது ரைபீரியருக்குப் பிறகுதான் அசையும், ஹை ஹார்ஸ்பவர் அதற்கு இரண்டு மடங்கு. ஏறிய ஸ்பெஷல் அட்டாக்கை வைத்துக்கொண்டு கீழே படுக்கட்டும். ஆனால் அடிபட்டால் டிஃபென்ஸ் ஏறும் ஸ்டமினா வைத்த ஆர்ச்சலுடன் ஓர் அடியில் விழும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கிளைட் பற்றி நீர் சொல்வது சரி. ஆக, கேள்வி உங்கள் கூட்டத்தில் யார் வருகிறார்கள் என்பதுதான். ரில்லபூம் எத்தனை பேர், மழை எத்தனை பேர்?

ரைபீரியர்_திருமலை
ஞாயிறு, மதியம் 12:15

ரில்லபூம் நிறையப் பேர். மழை நானா மட்டும்தான்.

குளக்கோட்டன்99
ஞாயிறு, மதியம் 12:18

அப்போ முடிந்தது. ஒருவருக்காகத் திறனை மாற்றாதே. சாலிட் ராக்கிலேயே நில். நானாவுக்கு எதிராக ரைபீரியரைப் பெட்டியில் விட்டுவிட்டு மற்ற ஐந்தில் நாலை எடு. ஆறில் நாலு என்று விதி வைத்திருப்பதே இதற்காகத்தான்.

ரைபீரியர்_திருமலை
ஞாயிறு, மதியம் 12:40

நானாவை ரைபீரியரால்தான் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வெந்நீரூற்று
ஞாயிறு, மாலை 5:30

சரி, பிடிவாதக்காரனுக்கு ஒரு வழி. சாலிட் ராக் இருக்கட்டும். ரூம் போடும் இரண்டாவது ஆளாக சினிஸ்ட்சாவைச் சேர். ஆவி, புல். ஃபேக் அவுட் ஆவிக்குப் படாது. மின்சாரமும் தண்ணீரும் புல்லுக்குப் பாதிதான், ஆகவே எலக்ட்ரோ ஷாட் ஃபரிகிராஃபை முடித்ததுபோல் இதை முடிக்காது. மழைக்கு எதிராக ஃபரிகிராஃபை விட்டுவிட்டு இதைக் கொண்டு வந்து ரூம் போடு. பிறகு வெளியே போய்த் திரும்பி வந்தால் ஹாஸ்பிட்டாலிட்டியால் பக்கத்தில் நிற்பவருக்குக் கால்வாசி எச்பி கிடைக்கும்.

பெலிப்பரின் ஹரிகேனுக்கு மட்டும் அஞ்சு. மழையில் அது தவறாது, புல்லுக்கு இரண்டு மடங்கு. அந்த டேர்னில் ஹரிகேனை வாங்கப் போவது யார் என்பதை நீதான் ஊகிக்க வேண்டும், அதற்கு என்னிடம் கணக்கில்லை.

மூதூர்_மீன்
ஞாயிறு, மாலை 6:05

நான் இதையெல்லாம் வாசித்துவிட்டு டோர்கோல் எடுத்தேன். வேகம் 22, ரூமுக்குள் அநேகமாக யாரும் முந்த மாட்டார்கள். தப்பில்லையே?

குளக்கோட்டன்99
ஞாயிறு, மாலை 6:20

தப்பே இல்லை. ஆனால் அதன் நெருப்பு மூவான இரப்ஷனின் 150 சக்தி முழு எச்பிக்குத்தான். பாதி எச்பியில் அது 75. டோர்கோல் அடி வாங்காமல் உள்ளே வருவது உனக்கு ரைபீரியரைவிட இரண்டு மடங்கு முக்கியம். மேலே பார்ட்டிங் ஷாட் பற்றி எழுதியதை இன்னொரு தடவை வாசி. வைட் கார்ட் வைத்திருக்கிற பெலிப்பரையும் மறக்காதே, மழை வந்தால் உன் வெயிலும் போகும்.

கிண்ணியா_புயல்
ஞாயிறு, இரவு 8:47

எல்லாரும் சேர்ந்து என்னை அடிக்கத்தான் திட்டம் போடுகிறீர்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது. வருகிற சனிக்கிழமை மழை டீம் கொண்டு வரமாட்டேன். அமூங்கஸ், உர்சலூனா, நானே ரூம் போடுவேன்.

ரைபீரியர்_திருமலை
ஞாயிறு, இரவு 8:49

நீங்கள் ரூம் போட்டால் எனக்கு ஒரு டேர்ன் மிச்சம் நானா. இல்லாவிட்டால் நானும் அதே டேர்னில் போட்டு அதைக் கழற்றிவிடுவேன்.

கிண்ணியா_புயல்
ஞாயிறு, இரவு 8:52

இரண்டில் எது என்று தாளில் எழுதியிருக்காதே.